எந்த வகுப்புக் குழந்தைக்கு ஆசிரியராவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். சுருக்கித் தருகிறேன்:

"நாங்கள் கூலிக்கு விசைத்தறி ஓட்டும் குடும்பம். மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் ப்ளஸ் டூ படிக்கிறாள். கணக்கு நன்றாக வரும். ஆசிரியர் வேலைக்குத்தான் போவேன் என்று உறுதியாக இருக்கிறாள். எதிர்வீட்டில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடந்தபோது அங்கே போய் உதவிக்கொண்டிருந்தவள், இப்போது மாலையில் எங்கள் வாசலிலேயே தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். சின்னக் குழந்தைகள் என்றால் அவளுக்கு உயிர். ஒரு தனியார் கல்லூரியிலிருந்து வந்தவர், நான்கே வருடத்தில் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்து கிடைக்கும், ஒரு வருடம் மிச்சம், இப்போதே முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்கிறார். என் தம்பி, மூன்று வருடம் பி.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பிறகு இரண்டு வருடம் பி.எட். படிப்பதுதான் நல்லது என்கிறான். என் கணவரோ, பி.எட். படித்தவர்கள் தெருவுக்கு நான்கு பேர் சும்மா இருக்கிறார்கள், இதற்கு ஏன் இத்தனை வருடம் என்று கேட்கிறார். எது சரி என்று சொல்லுங்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

ஆசிரியர் கல்வியியல் கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துப் பணிக்காலத்தைக் கழித்தவள் நான். உங்கள் மகளைப் போன்ற பெண்கள்தான் என் வகுப்புகளில் நிறைந்திருந்தார்கள். அதனால் இந்தக் கடிதத்தை உங்களுக்கும் அவளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான்கு வருடமா ஐந்து வருடமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் முடிவாக வேண்டிய விஷயம் ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "கணக்கு நன்றாக வரும்" என்கிறீர்கள். "சின்னக் குழந்தைகள் என்றால் உயிர்" என்றும் சொல்கிறீர்கள். இன்றைய விதிகளின்படி இவை இரண்டு வெவ்வேறு பாதைகள். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். செல்லாது. 2018-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., பி.எட். படித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்கு வரலாம் என்று ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்துவிட்டது. சின்னக் குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் அறிமுகப்படுத்துவது தனித் திறன், அதற்கென்று பயின்றவர்தான் அதைச் செய்ய வேண்டும் என்பதே தீர்ப்பின் அடிப்படை. எனக்கு அது முழுக்க நியாயமாகவே படுகிறது. பி.எட். வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் எடுக்கப் பழகியவரை இரண்டாம் வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், அவரும் திணறுவார், பிள்ளைகளும் திணறுவார்கள்.

தொடக்க வகுப்புகளுக்கான படிப்பு தொடக்கக் கல்விப் பட்டயம். முன்பு ஆசிரியர் பயிற்சி என்று ஊரில் சொன்னோமே, அதுதான். ப்ளஸ் டூ முடித்ததும் இரண்டே வருடம். இப்போது டி.எல்.எட். என்று பெயர். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் பலவற்றில் இது மிகக் குறைந்த செலவில் நடக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் பெருந்துறையில் ஒன்று, உடுமலையை அடுத்த திருமூர்த்தி நகரில் ஒன்று. கொஞ்சம் தள்ளிப்போனால் கரூர் மாவட்டம் மாயனூர், சேலத்துக்கு அருகில் உத்தமசோழபுரம். இவற்றில் எதில் இந்தப் படிப்புக்கு இப்போது சேர்க்கை நடக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பட்டம் இல்லாத படிப்பு என்று பலர் இதைத் தாழ்வாகப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். உங்கள் மகளின் மனம் உண்மையிலேயே சின்னக் குழந்தைகளிடம்தான் இருக்கிறது என்றால் அவளுக்கான நேர்வழி இதுதான். பட்டத்தை வேலையில் இருந்துகொண்டே தபால்வழியிலும் படித்துக்கொள்ளலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது? அவளிடமே கேட்டால், "எல்லாக் குழந்தைகளும் பிடிக்கும்" என்பாள். அதனால் கேட்க வேண்டாம், கவனியுங்கள். மாலையில் உங்கள் வாசலில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கும், எட்டாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கும். யாரிடம் அவள் அதிக நேரம் உட்காருகிறாள்? சின்னவன் "ந"வையும் "த"வையும் குழப்பி எழுதும்போது, பத்தாவது முறையும் சலிக்காமல் அவன் கையைப் பிடித்து எழுதவைக்கிறாளா, அல்லது அந்த வேலையை வேறு பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு எட்டாம் வகுப்புக்காரனின் வடிவியல் கணக்குக்கு நகர்ந்துவிடுகிறாளா? ஒரு மாதம் கவனித்தால் விடை தெரிந்துவிடும். இரண்டில் எது வந்தாலும் நல்லதே. தெரியாமல் சேருவதுதான் ஆபத்து. குழந்தைகள் பிடிக்கும் என்று பி.எட்.டுக்கு வந்து, பதினான்கு வயதுப் பையன்கள் நாற்பது பேர் முன் நின்று அழுத பெண்களை எனக்குத் தெரியும். கணக்கின் மீது ஆசை வைத்துவிட்டு தொடக்கப் பள்ளிக்குப் போய், வருடக்கணக்கில் கூட்டலும் கழித்தலுமாகச் சோர்ந்துபோனவர்களும் உண்டு.

இனி, அவள் ஆறாம் வகுப்புக்கு மேல் கணக்கு ஆசிரியராகத்தான் வர விரும்புகிறாள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நான்காண்டுப் படிப்பு ஏதோ புதிதாக முளைத்தது என்று நினைக்க வேண்டாம். மைசூரில், மத்திய அரசுக்காகப் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வி நிறுவனம் 1963-ல் தொடங்கப்பட்டது. பாடத்தையும் கற்பித்தலையும் ஒன்றாகச் சேர்த்து நான்கு ஆண்டில் சொல்லிக்கொடுக்கும் படிப்பு அங்கே அறுபதுகளிலிருந்தே நடந்துவருகிறது. அந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் உண்டு, காலையில் கணிதம் படிக்கும் மாணவி அங்கே போய் வகுப்பைக் கவனித்துவிட்டு வரலாம். தமிழ்நாடு உட்படத் தென் மாநிலங்களுக்கான நிறுவனம் அது. 2023-24 முதல் நாடு முழுவதும் ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம் என்ற புதிய பெயரில், தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் நான்காண்டுப் படிப்பு மறுபடி தொடங்கப்பட்டிருக்கிறது. ஐ.டி.இ.பி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இதற்கு என்செட் என்ற தனி நுழைவுத் தேர்வு. பழைய முறையில் பி.ஏ.பி.எட்., பி.எஸ்ஸி.பி.எட். நடத்திய கல்லூரிகள் இந்தப் புதிய திட்டத்துக்கு மாற வேண்டும் என்று என்.சி.டி.இ. அறிவித்திருக்கிறது. உங்கள் வாசலுக்கு வந்த முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்துதான் வருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான்காண்டுப் படிப்பின் அடிப்படை எண்ணம் மிக உயர்ந்தது என்பதே என் கருத்து. ஏன் என்று ஓர் உதாரணத்தால் சொல்கிறேன்.

பவானி பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருந்த என் மாணவி ஆறாம் வகுப்பில் தசம எண் எடுத்துக்கொண்டிருந்தார். எம்.எஸ்ஸி. கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவர். பாடக்குறிப்பு ஏடு அச்சடித்ததுபோல் இருக்கும். கரும்பலகையில் 0.5 என்றும் 0.35 என்றும் எழுதி, எது பெரியது என்று கேட்டார். முன்வரிசைப் பையன் எழுந்து, 0.35 என்றான். காரணம் கேட்டதற்கு, முப்பத்தைந்து ஐந்தைவிடப் பெரியதுதானே என்றான். "தவறு. வலது பக்கம் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள். 0.50 ஆகிவிட்டதா? இப்போது ஒப்பிட்டுப் பார்" என்றார் என் மாணவி. பையன் தலையாட்டினான், நோட்டில் எழுதிக்கொண்டான். அடுத்து 0.4, 0.125 என்று எழுதினார். அவன் தயங்காமல் 0.125 என்றான்.

பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த பள்ளி ஆசிரியை அனுமதி கேட்டுக்கொண்டு எழுந்து வந்தார். பையில் இருந்த தையல் டேப்பை எடுத்து மேசைமேல் நீட்டிவைத்தார். ஒரு மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டார். நூறு என்றான் பையன். "0.5 மீட்டர் எங்கே இருக்கிறது, விரல் வை" என்றார். அவன் விரல் ஐந்தாம் கோட்டில் போய் நின்றது. அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. கடை விலைப்பட்டியலில் புள்ளிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு இலக்கம் இருப்பதையே பார்த்துப் பழகியவன், 0.5 என்பதை ஐந்து பைசா என்பதுபோல் படித்திருக்கிறான். ஆசிரியை திருத்தவில்லை. "அரை மீட்டர் துணி கேட்டால் கடைக்காரர் எவ்வளவு கிழிப்பார்?" என்று மட்டும் கேட்டார். விரல் ஐம்பதுக்கு நகர்ந்தது. பிறகு 0.35 எங்கே, 0.4 எங்கே என்று அவனே தேடினான். 0.125-க்குப் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் விரலை வைத்துவிட்டு, "இது குட்டி எண் மிஸ்" என்றான்.

என் மாணவிக்கு விடை தெரியும். அந்த ஆசிரியைக்குப் பையன் எங்கே நிற்கிறான் என்பதைக் கண்டுபிடிக்கத் தெரியும். பட்டப்படிப்பில் மூன்று ஆண்டுகள் பகுப்பாய்வு, குலக் கோட்பாடு என்று உயர்கணிதம் படித்துவிட்டு வரும் பெண்ணுக்குப் பள்ளிக் கணக்கு மறந்திருக்கும். நினைவிருந்தாலும் அது தனக்கு ஒருகாலத்தில் எப்படிக் கடினமாக இருந்தது என்பது மறந்திருக்கும். அதைப் பி.எட்.டின் இரண்டு ஆண்டுகளில் மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. நான்காண்டுப் படிப்பில், முதல் ஆண்டிலேயே, பதினெட்டு வயதிலேயே, "இதை ஒரு குழந்தை எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளும்?" என்ற கேள்வியோடு கணிதத்தைப் படிக்கத் தொடங்குகிறாள். இந்தப் பழக்கம் இளம் வயதில் படிந்துவிட்டால் அதற்கு ஈடு கிடையாது.

ஆனால் சகோதரி, இந்தப் பலன் கிடைக்க இரண்டு தேவை. கணிதத்தைக் கணிதமாகவே ஆழமாகச் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர்கள் வேண்டும். பயிற்சி மாணவிகளை உண்மையான வகுப்பறைக்கு அனுப்பி, பின்னாலேயே போய் உட்கார்ந்து பார்க்கும் கல்வியியல் ஆசிரியர்களும் வேண்டும். மைசூரில் இரண்டும் உண்டு. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலும் கணிதத் துறையும் கல்வியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இவை இல்லாத இடத்தில் நான்காண்டுப் படிப்பு என்பது அரைகுறைப் பி.எஸ்ஸி.யோடு அரைகுறைப் பி.எட்.டைச் சேர்த்துக் கட்டித் தருவதுதான். ஒரு வருடம் மிச்சமாகும், உண்மைதான். மிச்சமாவது எதிலிருந்து என்று பார்க்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. என்செட் எழுதட்டும். மைசூரோ திருவாரூரோ கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்தில் கிடைக்கிற ஏதோ ஒரு நான்காண்டுப் படிப்பில் சேர்க்காதீர்கள். நல்ல அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்றாண்டு பி.எஸ்ஸி. கணிதம், அதன் பிறகு அரசு கல்வியியல் கல்லூரியில் பி.எட். என்று போங்கள். உங்கள் தம்பி சொன்ன வழிதான். திருப்பூரில் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியும் சிக்கண்ணா அரசு கல்லூரியும் இருக்கின்றன, உடுமலையில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பி.எட்.டுக்குக் கோவையில் அரசு மகளிர் கல்வியியல் கல்லூரியும் குமாரபாளையத்தில் அரசு கல்வியியல் கல்லூரியும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. இவற்றில் கட்டணம் உங்களைக் கடனில் தள்ளாது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு படிக்கும் காலத்தில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

மைசூரைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே பாடம் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்த பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் கடினமாகத்தான் இருக்கும். கணிதம் எடுப்பவர்கள் சீக்கிரம் சமாளித்துவிடுவார்கள், குறியீடுகளின் மொழி எங்கும் ஒன்றுதான். அதைவிடப் பெரிய விஷயம் வேலைவாய்ப்பைச் சார்ந்தது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2010-ல் வந்த சட்டம் அது. 2020-ல் அதைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பணிக்குத் தேவையான கல்வித் தகுதி வரை எல்லாவற்றையும் தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். உங்கள் மகள் இதுவரை தமிழ்வழி. ஆங்கிலவழிப் பட்டப்படிப்பில் சேர்ந்த நாளோடு அந்த ஒதுக்கீடு போய்விடும், மைசூரானாலும் சரி, திருப்பூரானாலும் சரி. பி.எஸ்ஸி.யையும் பி.எட்.டையும் தமிழ்வழியில் முடித்தால் அது கையில் இருக்கும். இந்த ஒரு விவரம் தெரியாமல் ஆங்கிலவழிக்கு மாறிவிட்டு, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் விண்ணப்பத்தை நிரப்பும்போது முழித்தவர்கள் ஏராளம். கல்லூரியில் சேரும்போதே கணிதம் தமிழ்வழியில் உண்டா என்று கேளுங்கள், சேர்ந்தால் பயிற்றுமொழிச் சான்றிதழை முடித்த கையோடு வாங்கிவையுங்கள்.

அப்படியானால் மைசூர் வேண்டாம் என்கிறேனா? இல்லை. மைசூரில் படித்த பெண் கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சி.பி.எஸ்.இ. பள்ளிகள் என்று இந்தியா முழுவதும் போட்டியிடலாம். தமிழ்நாட்டுப் பணிக்கும் வரலாம், அந்த 20 சதவீதம் மட்டும் இராது. வெளியூர் போகத் தயாரா, அல்லது நம் பக்கத்து அரசுப் பள்ளியில்தான் வேலை பார்க்க ஆசையா என்பதைப் பொறுத்தது இது. முடிவு அவளுடையதாக இருக்கட்டும். "பெண்ணை அத்தனை தூரமா" என்று யாராவது சொன்னால், சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர் வழியாக மைசூருக்கு நம் ஊர்க்காரர்கள் காலங்காலமாகப் போய்வருகிறார்கள் என்று சொல்லுங்கள். பெண்களுக்கு வளாகத்திலேயே விடுதி இருக்கிறது.

இப்போது உங்கள் கணவரின் கேள்வி. அவர் கேட்டதில் தவறே இல்லை. பி.எட். முடித்தால் அரசு வேலை என்ற காலம் போய்விட்டது. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பட்டதாரி ஆசிரியர் பணிக்கு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும். 150 மதிப்பெண்ணில் பொதுப் பிரிவினர் 90 எடுக்க வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதைவிடக் குறைவு. அந்த 150-இல் 60 மதிப்பெண் கணிதத்துக்கும் அறிவியலுக்கும், மீதி குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம். அதோடும் முடியவில்லை. தமிழ்நாடு அரசு 2018-ல் வெளியிட்ட அரசாணை 149-இன்படி பணி நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு. 2013-ல் டெட் தேர்ச்சி பெற்று வேலைக்காகப் போராடிக்கொண்டிருப்பவர்களைச் செய்தியில் அவரும் பார்த்திருப்பார். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களில் ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்களும் டெட் எழுதியாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேர்வைத் தாண்டாமல் இந்தத் தொழிலில் இனி வழி இல்லை.

ஆனால் "சும்மா இருக்கிறார்கள்" என்று அவர் சொல்கிறவர்களைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போகாமலேயே பட்டம் வாங்கியவர்கள்? தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டு, பாடக்குறிப்பு ஏடுகளைக் கடையில் எழுதி வாங்கி, பயிற்சிக்குப் போனதாகக் கையெழுத்து மட்டும் போட்டுக்கொடுத்த இடங்கள் இருந்திருக்கின்றன. இன்றைய பி.எட்.டில் இரண்டு ஆண்டில் 20 வாரம் பள்ளியில் செலவிட வேண்டும் என்பது விதி. அந்த 20 வாரத்தை விற்றுவிட்டவரிடம் மிஞ்சுவது காகிதம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு டெட் தேற முடியாது, எந்த நல்ல பள்ளியும் வேலை தராது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்கவில்லை. ஏமாந்தவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்கள், அவர்களுடைய அப்பா அம்மா தறியிலும் காட்டிலும் உழைத்துச் சேர்த்த பணம் அது.

நன்றாகக் கணக்கு எடுக்கத் தெரிந்த ஆசிரியர் நம் பக்கத்தில் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. தனியார் பள்ளிகளில் தொடக்கச் சம்பளம் மிகக் குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன், அது இந்தச் சமூகத்துக்கே தலைகுனிவு. எனினும் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் ப்ளஸ் டூ கணக்கு ஆசிரியரைத் தேடிக்கொண்டேதான் இருக்கின்றன. அதற்கு எம்.எஸ்ஸி.யும் பி.எட்.டும் வேண்டும். அரசில் முதுநிலை ஆசிரியர் பணிக்கும் அதே தகுதிதான், அதற்கு டெட் தேவையில்லை, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு உண்டு. ஆகவே பி.எட்.டோடு நிறுத்திவிடும் எண்ணம் வேண்டாம். ஐந்து வருடமோ நான்கு வருடமோ முடிந்த பிறகு இன்னும் இரண்டு வருடம் எம்.எஸ்ஸி. என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கல்யாணப் பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் இருபத்தொரு வயதானாலே ஒறம்பரை ஜாதகம் கேட்டு வந்துவிடுகிறார்கள். "நாலு வருடத்தில் முடிந்துவிடும்" என்று முகவர் அழுத்திச் சொன்னதும் அதை மனதில் வைத்துத்தான். அந்தக் கணக்குக்காகப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வந்தவர்களிடம் எம்.எஸ்ஸி. முடியட்டும் என்று நீங்கள் சொன்னால் போதும், அவள் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது.

முகவர் விஷயம். அவர் சொல்லும் படிப்புக்கு என்.சி.டி.இ. அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயர், எத்தனை இடங்கள், எந்தக் கல்வியாண்டு முதல் என்பதெல்லாம் ஆணையில் இருக்கும். பி.எட். நடத்த அங்கீகாரம் வாங்கிய கல்லூரி நான்காண்டுப் படிப்பையும் தானாக நடத்திவிட முடியாது. ஐ.டி.இ.பி. என்றால் என்செட் மதிப்பெண் இல்லாமல் எப்படி இடம் "உறுதி" ஆகும் என்று கேளுங்கள். பழைய பி.எஸ்ஸி.பி.எட். என்றால் அது புதிய திட்டத்துக்கு மாறிவிட்டதா என்று கேளுங்கள். கணிதத்துக்கு எத்தனை பேராசிரியர்கள், பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறீர்கள் என்றும் கேட்டுவிட்டு, சொன்ன பள்ளிகளில் ஒன்றுக்கு நேராகவே போய்த் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். இந்தப் பிள்ளைகள் வருகிறார்களா, வகுப்பு எடுக்கிறார்களா என்று அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். எந்த விளம்பரத் தாளையும்விட அந்த ஒரு நிமிடம் மேல். எதுவானாலும் முன்பணம் கட்டாதீர்கள். மகளின் அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள், சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். பிறகு வேறு நல்ல இடம் கிடைத்து மாற நினைக்கும்போது, சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்டு மீதிப் பணம் கேட்பதுதான் நடக்கும்.

அம்மணி, இனி உனக்கு. என்செட் தேர்வில் இரண்டு மொழிகள், நீ படித்த பாடங்களில் மூன்று, பொது அறிவு, கற்பித்தல் திறன் என்று பகுதிகள் இருக்கின்றன. தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது, தமிழிலேயே எழுதலாம். கணிதம், இயற்பியல், வேதியியலுக்கு ப்ளஸ் டூ பாடம்தான், ஆனால் கேள்வி என்.சி.இ.ஆர்.டி. பாடநூலை ஒட்டி வரும். நம் பாடநூலில் அதே பகுதிகள் எங்கே இருக்கின்றன என்று ஒப்பிட்டுக் குறித்து வைத்துக்கொள். தேர்வுத் தேதி நிலையாக இருப்பதில்லை. 2024-ல் ஜூலை 10 அன்று நடந்தது, 2025-ல் ஏப்ரல் 29-க்கே முன்னால் வந்துவிட்டது. விண்ணப்பம் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு மும்முரத்தில் வெளியாகி, அந்த மும்முரத்திலேயே முடிந்தும் போகும். தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தை ஜனவரியிலிருந்து வாரம் ஒருமுறை பார்.

வாசலில் சொல்லிக்கொடுப்பதைப் பொதுத்தேர்வு வரைக்கும் வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்துக்கொள், விட்டுவிடாதே. ஒரு நோட்டில், எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் என்ன தவறு செய்தது, ஏன் செய்தது என்று நீ நினைக்கிறாய் என்பதை மட்டும் எழுதிவை. விடையை எழுத வேண்டாம். பின்னால் எந்தக் கல்வியியல் கல்லூரிக்குப் போனாலும் அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோ.

சகோதரி, இன்னும் ஒரு வேலை உங்களுக்கு இருக்கிறது, இதைத் தள்ளிப்போட வேண்டாம். மத்திய நிறுவனங்களில் இட ஒதுக்கீடு கேட்க, பள்ளியில் கொடுத்த மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது. நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்றால் மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதாரோடு காங்கேயம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும். சான்றிதழிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் மகளின் பெயர், தலைப்பெழுத்து, அப்பா பெயர் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் திருத்தி வாங்க மாதக்கணக்கில் ஆகும், அதனால் இந்த வாரமே போய்விட்டு வாருங்கள்.